ஓரின் வாய் திறக்காத நாற்பது நிமிடங்கள்

துப்பாக்கிக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மார்லிஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை சொல்றேன், கேட்டுக்க. கதவைத் தாண்டினதுலேர்ந்து, கடைக்காரி பெவ் தன் வாயால 'சரி, எடுத்துட்டுப் போ'ன்னு சொல்ற வரைக்கும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. இருமக் கூடாது. கை காட்டக் கூடாது. புருவத்தை ஆட்டக் கூடாது."

"புருவமுமா? அது தானா ஆடும்டி!"

"தொப்பியை இழுத்து விட்டுக்க."

ஓரின் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டான். மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் அவன். ஆறடி மூன்றங்குலம். இருட்டு, பனிப்புயல் எதற்கும் அசராத ஆள். ஆனால் ஒருவர் கடையில் பொருள் வாங்கும்போது பக்கத்தில் நின்று யோசனை சொல்லாமல் இருக்க அவனால் ஆகாது. அது அவன் உடம்போடு பிறந்தது.

முப்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் மார்லிஸுக்கு வேண்டியதை எல்லாம் ஓரின்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். அவளுடைய காரை, அவளுடைய பனிப் பூட்ஸை, சமையலறைக் குழாயை. கல்யாணத்துக்குப் பின் வந்த அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு அவன் ஆசையாக வாங்கிவந்தது, உறைந்த ஏரியில் துளை போடும் இயந்திரம். பத்தாவது கல்யாண நாளுக்கு மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம். இரண்டையும் அவள் ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. அவன் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கிவிட்டான். கெட்டவனா என்றால் இல்லை. அன்புதான். அந்த அன்பு எப்போதும் அவன் கை அளவுக்கே தைத்திருக்கும், அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில், ஓரினின் தம்பி ஆர்விட் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரளைக் குழியில், எல்லோரும் சோடா டப்பாக்களை அடுக்கிச் சுட்டு விளையாடினார்கள். ஆர்விட்டின் பெண்டாட்டி தன் பிஸ்டலை மார்லிஸ் கையில் கொடுத்தாள். பாயின்ட் டூ டூ. விளிம்பில் தட்டினால் வெடிக்கும், சுண்டுவிரல் நுனி அளவுத் தோட்டா. உதைக்காது, காதைப் பிளக்காது. மார்லிஸ் வரிசையாக ஏழு டப்பாக்களைச் சாய்த்தாள். ஏழாவது பறந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் போயின. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், தனக்கென்று ஒன்று வாங்குவதென்று.

ஓரினுக்கு அது போதாதா? மறுநாளிலிருந்து கம்ப்யூட்டரில் படித்துப் படித்து, தாள் தாளாக அச்செடுத்து, மஞ்சள் மையில் கோடு போட்டு, அவள் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்க ஆரம்பித்தான். எட்டு மாதம். கடைசியில்தான் மார்லிஸ் பந்தயம் கட்டினாள்.

பந்தயப் பொருள் சாதாரணமானதில்லை. மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். ஏரியில் வால்ஐ மீன் பிடிக்க அரசாங்கம் அனுமதி திறந்துவிடும் வாரக்கடைசியும் பெரும்பாலும் அதேதான். இரண்டையும் ஒன்றாக வைத்த புண்ணியவான் சத்தியமாக ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தொரு அன்னையர் தினங்களாக ஓரின் தம்பியோடு படகில் இருந்தான். மார்லிஸ் வீட்டில் இருந்தாள், மகள் கிர்ஸ்டனுடன். மகள் வளர்ந்து சியாட்டில் போன பிறகு, மகளின் போனுடன்.

ஓரின் கடையில் வாயைத் திறந்தால், வருகிற ஞாயிறு ஏரி கிடையாது. அவளோடு சரளைக் குழிக்கு வர வேண்டும். திறக்காமல் இருந்துவிட்டால், இனிமேல் ஆயுசுக்கும் மீன்பிடித் திறப்பைப் பற்றி அவள் ஒரு முனகல் முனக மாட்டாள். சாண்ட்விச்சையும் அவளே கட்டிக் கொடுப்பாள்.

உண்மையில் அவளுக்கு அந்த ஞாயிறு வேண்டும். ரொம்ப வேண்டும். ஆனால் "போகாதே, என்னோடு இரு" என்று கேட்டு வாங்க மனசு வரவில்லை. கேட்டு வாங்கினால் அது இனிக்காது. அதனால்தான் பந்தயம்.

கடைக்குள் கர்டிஸ் நின்றுகொண்டிருந்தான். முப்பத்து நாலு வயது, தாடி, கையில் பாம்பு உருவத்தைப் பச்சை குத்தியிருந்தான். மார்லிஸைக் கண்டதும் நிமிர்ந்து நின்றான். அந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள எல்லோருமே மார்லிஸ் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள்தான்.

"வாங்க மிஸ் மார்லிஸ்! என்ன பாக்கறீங்க?"

"டப்பா சுட ஒரு பிஸ்டல். பாயின்ட் டூ டூ. இன்னும் வளரலையாடா உனக்கு அந்தத் தாடி, இழுத்து இழுத்து விட்டுக்கற?"

கர்டிஸ் தாடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, நேராகக் கண்ணாடிப் பெட்டியின் மூலைக்குப் போனான். அங்கிருந்து ஒன்றை எடுத்தான். உள்ளங்கை அளவு. இளஞ்சிவப்பு. பிறந்தநாள் கேக்கின் மேல் வைக்கலாம்.

"லேடீஸுக்குன்னே செஞ்சது. கைக்கு அடக்கமா இருக்கும்." திறந்து, காலி என்று காட்டிவிட்டு நீட்டினான்.

பின்னாலிருந்து, சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். மார்லிஸ் திரும்பவில்லை. கடையின் மூலையில், கூரையோரம், திருட்டைப் பார்ப்பதற்காக ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவளுக்குக் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லித் தர வேண்டுமா? பின் சீட்டில் யார் யார் மீது எச்சில் காகிதம் துப்புகிறான் என்பதைத் தலையைத் திருப்பாமல் சொல்லுவாள். கண்ணாடியில் ஓரின் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் பையில் திணித்துக்கொண்டு, தாவாங்கட்டை நடுங்க நின்றிருந்தான்.

"மூச்சு விடறதெல்லாம் கணக்குல வராது," என்றாள் அவள் கண்ணாடியைப் பார்த்தபடி. "ஆனா அளவா விடு."

"என்ன சொன்னீங்க?" என்றான் கர்டிஸ்.

"உன்னையில்ல. டேய், இதுக்குக் குழல் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லையே. குறி வைக்கறதுக்கு, முன்னாடி இருக்கற முள்ளுக்கும் பின்னாடி இருக்கற பள்ளத்துக்கும் நடுவுல இடமே இல்ல. என் கை கொஞ்சம் ஆடினா குண்டு அடுத்த தெருவுக்குப் போகும். நான் பைக்குள்ள ஒளிச்சு வைக்கவா கேட்டேன்? டப்பா சுடக் கேட்டேன்."

"ஆனா லேடீஸ் எல்லாரும்..."

"மூணாங்கிளாஸ்ல என் பஸ்ஸுல, டிரைவருக்குப் பின் சீட்டுல, வாந்தி எடுத்தவன்தானே நீ?"

"ஆமா மிஸ் மார்லிஸ்."

"அப்ப நான் என்ன சொன்னேன்?"

"'அடுத்த தடவை முன்னாடியே சொல்லு'ன்னு."

"அதேதான் இப்பவும். இதைவிடப் பெருசு இருக்குன்னு முன்னாடியே சொல்லு."

கர்டிஸ் காது சிவந்து, வேறொன்றை எடுத்தான். நீண்ட குழல், சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் வைத்திருக்கிற தோரணை. கையில் வாங்கியதும் மார்லிஸுக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல கனம். கனமாக இருந்தால் கை ஆடாது. ஓரினும் கண்ணாடியில் பெருமூச்சு விட்டான். அவன் மஞ்சள் கோடு போட்ட தாளில் முதலில் இருந்தது இதுதான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் மார்லிஸுக்கு அரைப்பங்கு ஆசை போய்விட்டது. மீதி அரைப்பங்குக்காகக் கேட்டாள்.

"இதைக் கழட்டி மாட்டு பாப்போம்."

"இப்பவா?"

"என் கண்ணு முன்னாடி."

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருந்தது. ஓரினிடமும் இதே ரகத்தில் ஒரு பாயின்ட் டூ டூ பிஸ்டல் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைக்கிறேன் என்று கழற்றினான். கழன்றது. மாட்டத்தான் முடியவில்லை. இரண்டு வாரம் போராடினான், கோபத்தில் ஒரு சுத்தியலை எடுத்து வந்து மார்லிஸ் முகத்தைப் பார்த்துத் திரும்பக் கொண்டுபோய் வைத்தான். பிஸ்டல் இன்றுவரை ஐந்து லிட்டர் ஐஸ்கிரீம் வாளி ஒன்றில், மூடி போட்டு, கொட்டகை அலமாரியில் இருக்கிறது. அந்த வாளியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கர்டிஸ் கழற்றினான். லாகவமாகக் கழன்றது. மாட்டினான். மாட்டிக்கொள்ளவில்லை. குலுக்கினான். தட்டினான். "ஒரே செகண்ட்," என்றான். தலைகீழாகப் பிடித்தான். நெற்றியில் வேர்த்தது. "ஒரே செகண்ட்," என்றான் மறுபடியும்.

ஓரினின் நிலைமையைச் சொல்லி மாளாது. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் வைத்தான். தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைக் கடித்தான். உலகத்தில் தனக்கு மட்டும்தான் இது மாட்டவில்லை என்று ஆறு வருஷமாகக் கூனிக் குறுகியிருந்த மனுஷன், கடைக்காரனுக்கே மாட்டவில்லை என்பதைக் கண்ணாரக் காண்கிறான். ஆனந்தத்தை வெளியே சொல்ல வழியில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"என்னடா அங்க?" என்று உள்ளறையிலிருந்து பெவ் வந்தாள். கடை அவளுடையது. குட்டையான உருவம், மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது, கையில் பாதி தின்ற எலுமிச்சைக் கேக் துண்டு. கர்டிஸ் கையிலிருந்ததை வாங்கினாள். குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினாள், விசையை ஒருமுறை அழுத்தினாள், உள்ளே ஊசல் மாதிரி தொங்கிய துண்டு தன் இடத்துக்குத் தானாக விழுந்தது. கிளிக். முடிந்தது.

"மேல பாக்கப் புடிக்கணும்டா. எத்தனை தடவை சொல்றது?"

ஓரினின் தொண்டையிலிருந்து "ங்ஙே" என்று ஒரு ஒலி கிளம்பியது.

"அது என்ன?" என்றாள் பெவ்.

"வார்த்தையில்ல," என்றாள் மார்லிஸ். பந்தயத்தை விளக்கினாள். பெவ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரினைச் சுற்றிவந்து பார்த்தாள், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி.

"எவ்வளவு நேரமாச்சு?"

"பதினெட்டு நிமிஷம்."

"ஐயோ பாவம். கர்டிஸ், அவருக்கு உட்கார ஸ்டூல் குடு." பிறகு மார்லிஸின் வலது கையை எடுத்துக் கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தாள். "இங்க வலிக்குதா?"

"பஸ் கதவு நெம்புகோல். குளிர்காலத்துல ரொம்ப."

"முன்னாடி இருக்கற முள்ளு தெரியுதா?"

"கறுப்பா இருந்தா தெரியல. வயசாச்சில்ல."

பெவ் குனிந்து, பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். பழைய பிஸ்டல். முழுக்க எஃகு. கறுப்புப் பூச்சு விளிம்புகளில் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. மரப் பிடி. முன் முள்ளில் யாரோ நகப்பூச்சை வைத்துச் சிவப்புப் பொட்டு இட்டிருந்தார்கள். பின்னால் இழுக்க இரண்டு காது, ஆடு மாதிரி. ஒரே ஒரு திருகைக் கழற்றினால் மேல்பாகம் முழுசாகக் கையோடு வந்துவிடும்.

"சர்ச்சுல ஆர்கன் வாசிச்சாளே டோர்த்தி, அவளுது. அரிசோனாவுக்குப் போயிட்டா. நாப்பது வருஷம் வெச்சிருந்தா."

மார்லிஸ் அதைக் காலி என்று பார்த்து, சுவரைப் பார்த்து நீட்டினாள். விரல்கள் போய்த் தாமாக உட்கார்ந்தன. சிவப்புப் பொட்டு தீபம் மாதிரி தெரிந்தது. இரண்டு காதைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் முணுமுணுக்கவே இல்லை. அவளுக்கு அதைக் கீழே வைக்க மனசே வரவில்லை. காதல் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

பின்னால் இருந்த சுடுமிடத்தில் போய் நின்றார்கள், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு. கர்டிஸ் மலிவுத் தோட்டாவாக ஒரு கைப்பிடி கொடுத்தான். டப், டப், பிறகு தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டது. எடுத்துவிட்டாள். டப், மறுபடி சிக்கிக்கொண்டது. ஓரின் ஸ்டூலோடு எழுந்துவிட்டான், அது பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவனுக்குக் காரணம் தெரியும். எட்டு மாதம் படித்திருக்கிறான். வாய் திறந்தது, ஏரி நினைவு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டது.

மார்லிஸ் சிக்கிய தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "என் பழைய பஸ் மாதிரிதான் பெவ். கண்ட டீசலைக் குடுத்தா இருமும். இதுக்கு இந்தத் தீனி பிடிக்கல. வேற குடு."

பெவ் வேறு பெட்டியைத் திறந்தாள். பத்துத் தோட்டா. பத்தும் ஒரே மூச்சில் போயின. காகிதத்தை இழுத்துப் பார்த்தால், பத்து ஓட்டைகளையும் ஒரு காப்பிக் கோப்பையின் அடியால் மூடிவிடலாம். மார்லிஸ் காது மூடியைக் கழற்றாமலே "ஹூஊஊ!" என்று கத்தினாள். பெவ் கத்தினாள். கர்டிஸ் கத்தினான். ஓரின் மட்டும் தொப்பியை வாயில் முழுசாகத் திணித்துக்கொண்டு குதித்தான்.

"இதேதான்," என்றாள் மார்லிஸ்.

காகித வேலை பாக்கி. ஷெரீஃப் அலுவலகம் கொடுத்த அனுமதிச் சீட்டை நீட்டி, படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டாள். பெவ் வாசலோரச் சுவரிலிருந்த போனை எடுத்து, பெயரைச் சொல்லி, பிறந்த தேதியைச் சொல்லி, விற்கலாம் என்ற அரசாங்க அனுமதிக்குக் காத்திருந்தாள். போனுக்குள் ஏதோ பாட்டு ஓடியது. முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. முப்பத்தொன்பது.

மார்லிஸ் கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்ந்து தன் பிஸ்டலையே பார்த்தாள். சந்தோஷத்துக்கு நடுவில் சின்ன முள் ஒன்று குத்தியது. மனுஷன் ஜெயித்துவிட்டான். சத்தியமாக ஜெயிப்பான் என்று அவள் நினைக்கவே இல்லை. சாண்ட்விச்சுக்கு ரொட்டி வாங்க வேண்டும். ஆயுசுக்கும் முனகக் கூடாது. சரி, பந்தயம் பந்தயம்தான். வழக்கப்படி கண் தானாக மேலே, மூலைக் கண்ணாடிக்குப் போயிற்று.

அதில் பெவ் தெரிந்தாள். போனைக் காதில் வைத்தபடி, மார்லிஸின் முதுகுக்குப் பின்னால், ஓரினைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஆயிற்று, அனுமதி வந்துவிட்டது, ஜெயித்துவிட்டாய் என்று. ஓரின் அதைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். தலையைக்கூட அசைத்தான். பெவ் போனை வைக்கக் கையைத் தாழ்த்தினாள்; 'சரி' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

ஓரின் வாயிலிருந்து தொப்பியை எடுத்தான்.

"நல்ல துப்பாக்கி மார்லி," என்றான். "ரொம்ப நல்லாத் தேர்ந்தெடுத்திருக்க."

கர்டிஸ், "அச்சச்சோ!" என்றான். பெவ்வுக்குத் திறந்த வாய் மூடவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவன் இந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வான், தேர்ந்தெடுத்ததெல்லாம் அவனேதானே. நல்லவேளையாக மார்லிஸ் அவன் பக்கம் திரும்பி நிற்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு திரும்பினாள். "யோவ்! பெவ் இன்னும் சரின்னு சொல்லல."

"அடடே," என்றான் ஓரின். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். நடிப்பு சுத்தமாக வராத ஆள். "வாய் தவறிப் போச்சே."

"சரி," என்றாள் பெவ் மெதுவாக, இருவரையும் மாறி மாறிப் பார்த்து. "சரி. எடுத்துட்டுப் போ."

வீடு வரைக்கும் பதினோரு மைல், வண்டியை ஓரின் ஓட்டினான். அடைத்துவைத்த நாற்பது நிமிஷமும் மடை திறந்தது. குழல் நீளம், தோட்டா வேகம், எண்ணெய் எது, கர்டிஸ் எங்கே கோட்டை விட்டான், குழலை மேலே பிடிப்பது என்கிற அந்த ஒரு சூட்சுமம் தெரியாமல் ஆறு வருஷம் வாளியில் போச்சே! நடுவில் ஆர்விட் போன் செய்தான். "நான் வரலடா. பந்தயத்துல தோத்துட்டேன்," என்று ஓரின் சொன்ன தோரணையில், கேட்டவர்கள் அவனுக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். மார்லிஸ் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் காதில் வாங்காமல், சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சரளைக் குழியில் நல்ல வெயில். ஆர்விட் ஏரியில் இருந்தான். ஓரின் ஐஸ்கிரீம் வாளியைக் கொண்டுவந்திருந்தான். துண்டுகளை மாட்டி, குழலை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, கிளிக் என்று சத்தம் வந்ததும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடினான். கிர்ஸ்டன் போனில், "அம்மா, அங்க என்ன சத்தம்? அப்பா ஏரிக்குப் போகலையா?" என்று நாலு தடவை கேட்டாள்.

பன்னிரண்டு டப்பா அடுக்கிவிட்டு ஓரின் வந்து அவளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தான். வேண்டுமென்றே, பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"இன்னும் ஒரே ஒரு நொடி பொறுத்திருந்தேன்னு வையி, ஜெயிச்சிருப்பேன்."

மார்லிஸ் சிவப்புப் பொட்டை முதல் டப்பாவின் நடுவில் நிறுத்தினாள். அந்த வட்டக் கண்ணாடியைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. என்றைக்கும் சொல்லப்போவதும் இல்லை.

"ஆமா," என்றாள். "வாயடக்கம் இல்லாத மனுஷனைக் கட்டிக்கிட்டேன், என்ன பண்றது?"

டப்பா பறந்தது.